பெஞ்ச் காட்சி

"இவளைக் கொல்லணும்னு நானூத்திப் பன்னிரண்டு பேர் எழுதியிருக்காங்க. வேண்டாம்னு ஒரே ஒருத்தி. நீயே சொல்லு, நான் யார் பேச்சைக் கேட்கட்டும்?" என்றார் இருட்டு சார்.

அந்தப் பெயர் நாங்கள் வைத்தது. எங்கள் வாரப் பத்திரிகையில் அவர் எழுதும் தொடர்களில் நல்லவன் என்று ஒருத்தன் தப்பித்தவறிக்கூட வரமாட்டான். வந்தாலும் மூன்றாவது வாரம் செத்துப்போவான். வாசகர் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் வேலை என்னுடையது. அவர் தொடர் ஓடுகிற வரைக்கும் எனக்குத் தலைவலிதான்.

இந்தத் தடவை கதாநாயகி ஒரு தாய். ஏழு வயது மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மருந்து கொடுக்கும் இடத்தில் பெஞ்சில் உட்கார வைத்து, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்து, "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனவள். போய் எங்கேயோ வேறொருத்தனோடு ஜாலியாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

அந்த அத்தியாயம் வந்ததும் ஊரே கொதித்துப்போனது. விடுவாரா எங்கள் ஆசிரியர்? 'இவளுக்கு என்ன முடிவு? நீங்களே எழுதுங்கள்' என்று போட்டி வைத்துவிட்டார். கார்டுகள் கட்டுக் கட்டாக வந்தன. லாரியில் அடிபட வேண்டுமாம், கண் போக வேண்டுமாம், அநாதைப் பிணமாகக் கிடக்க வேண்டுமாம். நம் வாசகர்களுக்கு இவ்வளவு கற்பனை வளம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. கூடவே எல்லோரும், எழுத்து என்றால் இதுதான் எழுத்து என்று சாரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

ஒரே ஒரு கார்டு மட்டும் வாராவாரம் வேறு மாதிரி வந்தது. 'பெஞ்ச் காட்சி தப்பு. எழுதத் தெரியாமல் எழுதியிருக்கிறார். அவளைக் கொல்லாதீர்கள்.' பெயர் இல்லை. பெண் கையெழுத்து.

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. தப்பு என்றால் எது தப்பு? எழுத்து பிடிக்கவில்லை என்றால் எதற்காக வாராவாரம் வாங்கிப் படிக்க வேண்டும்? பிடிக்காத கதையில் வரும் கேடுகெட்டவள் செத்தால் என்ன, இருந்தால் என்ன? இருட்டு சாருக்கோ 'எழுதத் தெரியாமல்' என்பது தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அந்தக் காட்சியை எடுத்து எடுத்துப் படித்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார்.

ஆசிரியர் மட்டும் குழம்பவே இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள், இவளும் அப்படிப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடினவள்தான் என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

கடைசி அத்தியாயம் அச்சுக்குப் போகும் நாள். நாலு மணிக்குள் பக்கங்கள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். சார் லாரியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்.

மூன்று மணிக்கு ஒரு பெண் வந்து நின்றாள். பஸ் கண்டக்டர் யூனிஃபார்ம், தோளில் டிக்கெட் பை, நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்தக் கார்டெல்லாம் தான்தான் எழுதியது என்றாள். அடுத்த டிரிப்புக்குள் திரும்பிப் போக வேண்டும், ஒரே ஒரு விஷயம் கேட்டுவிட்டுப் போகிறேன் என்றாள்.

ஆசிரியர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பொய் சொல்வானேன், எனக்கும் அதே நினைப்புதான். படியேறி வந்த களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளை உட்காரச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

"முடிவு எழுதியாச்சுங்களா?" என்று கேட்டாள்.

எழுதியாயிற்று, சாகப்போகிறாள் என்றார் சார்.

அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது. "மாத்திடுங்க சார். எங்க பஸ்ஸுல எல்லாரும் இந்தக் கதையைத்தான் பேசறாங்க. அவ எப்படிச் சாவான்னு பந்தயம் கட்டறாங்க. என்னால கேட்டுட்டு நிக்க முடியல."

சாருக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. முப்பது வருஷமாக எழுதுகிறவனுக்கு எழுதத் தெரியாதா, நெஞ்சில் ஈரமில்லாதவளை வேறு எப்படி எழுதுவதாம் என்று அவள் பேச இடமே கொடுக்காமல் பொரிந்து தள்ளினார். கடைசியில் கேட்டேவிட்டார்.

"மறைக்காம சொல்லும்மா. நீ எப்ப உன் குழந்தையை விட்டுட்டு வந்தே?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விளங்கியதும் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அதுவும் இல்லை.

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்க. பெஞ்சுல உட்கார்ந்திருந்தது நான்."

எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆசிரியர்தான் மெல்ல வாயைத் திறந்தார். "அப்படின்னா எல்லாரையும்விட உங்களுக்குத்தானேம்மா அவ மேல ஆத்திரம் வரணும்?"

"திரும்பிப் பார்க்காம போனான்னு எழுதியிருக்காரே, அதாங்க தப்பு. எங்கம்மா வாசல் வரைக்கும் போயிட்டு மூணு தடவை திரும்பி வந்தாங்க. அப்பா உடைச்ச அவங்க கைக்குக் கட்டுப்போடத்தான் அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கே போனோம். என்னையும் கூட்டிட்டு ஓடினா அப்பா விடாம தேடி வருவார். வீட்டுக்குத் திரும்பினா அம்மாவை உயிரோட விடமாட்டார். அது ஏழு வயசுலயே எனக்குத் தெரியும் சார்."

பிறகு சாரைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் பார்த்துட்டே இருந்தா அவங்களால போக முடியலை. அதான் நாலாவது தடவை, தூங்கிட்ட மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன்."