ஸ்கிப் பட்டன்

எங்கள் அலுவலகக் கழிப்பறைக் கதவு, விளம்பரத்தை முழுக்கப் பார்த்தால்தான் திறக்கும். அதற்கு நிரல் எழுதியவன் நான். அவசரத்துக்கென்று ஒரு ஸ்கிப் பட்டனும் வைத்திருந்தேன். மேலாளர் ஸ்ரீவத்சன்தான் தூக்கச் சொன்னார். "அவசரத்துலதான்யா ஜனங்க கண்ணெடுக்காம பாப்பாங்க." ஒருவர் உள்ளே போனதும் அடுத்தவருக்கு முதலிலிருந்து ஓடவேண்டும் என்பதும் அவர் கட்டளை.

இன்று மதியம் தின்ற பிரியாணி அவரையே அந்தக் கதவின் முன் நெளியவைத்தது. திரையில் ஒரு குடும்பம் சிரித்துச் சிரித்துச் சமையல் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தது.

"கதிரவா, அந்தப் பட்டன் எங்கய்யா?"

"நீங்கதான சார் தூக்கச் சொன்னீங்க."

"உனக்குன்னு ஒரு வழி வெச்சிருப்பியே!"

"வெச்சிருக்கேன் சார்."

திரையின் மூலையில் என் விரலை வைத்தேன், கதவு திறந்தது. நான் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டேன். வெளியே அந்தக் குடும்பம் மறுபடியும் முதலிலிருந்து சிரிக்க ஆரம்பித்தது.