இரண்டாவது எர்த்

கறுப்பு டேப்பைப் பிரித்ததும் அவன் கை நின்றுவிட்டது.

சென்சார் ஒயரைப் போர்த்தியிருந்த செம்பு வலையின் முனை இஞ்சின் போல்ட்டில் எர்த் ஆகியிருந்தது.

மறுமுனை ஏற்கெனவே சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் எர்த். இரண்டு பக்கமும் எர்த் கொடுத்தால் வலை மின் இரைச்சலைத் தடுக்காது. தானே அழைத்து வந்து உள்ளே விடும். பிளக்கில் தட்டும் ஒவ்வொரு பொறியும் பெட்டியைக் குழப்பும். ஆறாயிரம் சுற்றைத் தொட்டதும் வண்டி திக்கித் திக்கி மிஸ்ஸிங் அடிக்கும்.

பட்டறையில் எல்லோருக்கும் இதை வகுப்பெடுத்தவன் அவன்தான்.

அந்த எர்த்தை வைத்தவனும் அவன்தான். போன மாதம் ஒரு சாயங்காலம், கூடுதலாக ஒன்று இருக்கட்டுமே என்று.

பெட்டி அவன் சொந்தமாகக் கட்டியது. பந்தய வண்டிக்கு எப்போது பெட்ரோல், எப்போது பொறி என்று சொல்லும் மூளை. எட்டு மாத உழைப்பு. வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தபோது, தன் வேலையில் தப்பு இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஆகவே வேறு யாராவது தப்பு செய்திருக்க வேண்டும்.

ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்.

ஒயரிங் மரகதம் அக்காவுடையது. இங்கே வருமுன் பதினாறு வருடம் ஒயரிங் கம்பெனியில் லக் அடித்த கை. ஒயர் முனையில் அந்தச் சின்ன உலோகப் பிடியை அவள் நசுக்கி அடித்தால் மாடு கட்டி இழுத்தாலும் வராது.

திங்கட்கிழமை முதலாளி முன்னால், அவளும் நிற்கும்போதே, அவன் சொன்னான்.

"லக்கு எல்லாம் லூசுங்க. கம்பெனியில அடிச்ச கை, ரேஸ் வண்டிக்கு ஆகாதுங்க."

ஒன்றையாவது இழுத்துப் பார்த்தானா? இல்லை. வாய்க்கு வந்தது, சொன்னான்.

சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அவளுக்குப் பதில் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். அக்கா நான்கு நாள் குனிந்த தலை நிமிராமல் அறுபத்தெட்டு லக்கையும் வெட்டிப் போட்டுப் புதிதாக அடித்தாள். மூன்றாம் நாள் பெருவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அவன் பார்த்தான். பார்க்காதவன் மாதிரி இருந்தான்.

இன்று சனிக்கிழமை. மற்றவர்கள் வருமுன் கிளப்பிப் பார்த்தபோது புது லக்கிலும் அதே மிஸ்ஸிங். அதனால்தான் டேப்பைப் பிரித்தான்.

ஒயர் வெட்டும் நிப்பரை எடுத்தான். அந்த எர்த்தை வெட்டினான். மறுபடி கிளப்பினான்.

ஆறாயிரம்.

ஏழாயிரம்.

ஒன்பதாயிரம். ஒரு தடங்கல் இல்லை.

சத்தம் கேட்டு முதலாளி உள்ளே வந்தார். பின்னாலேயே அக்கா, சாப்பாட்டுப் பையோடு.

"லக்குதான்னு நீ அன்னைக்கே சொன்னே," என்று அவன் தோளைத் தட்டினார் முதலாளி. அவள் பக்கம் திரும்பினார். "சரி, விடும்மா. திங்கக்கிழமை எப்பவும் போல வந்துரு."

"சரிங்க," என்றாள் அக்கா. கண் கலங்கியிருந்தது.

அவன் நிப்பரைக் கீழே வைத்தான்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. கூடவே நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிதான் அவனை அதிகம் கூசவைத்தது. அக்காவுக்கு வேலை போகவில்லையே, இனி சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

முதலாளி போய்விட்டார்.

அக்கா பையை ஆணியில் மாட்டிவிட்டு மேசைக்கு வந்தாள். அடுத்த வண்டிக்கான ஒயரை எடுத்தாள். ஒரு லக் அடித்தாள். இழுத்துப் பார்த்தாள்.

மறுபடி இழுத்தாள்.

இன்னொரு முறை.

முன்பெல்லாம் ஒரு தடவைக்கு மேல் இழுக்கமாட்டாள்.

எழுந்து வந்து அவனிடம் நீட்டினாள்.

"இனிமே எல்லாத்தையும் நீங்க ஒருக்கா பார்த்துச் சொல்லிருங்க தம்பி. என்ற கை மேல எனக்கே நம்பிக்கை இல்லாம போச்சுங்க."

வாங்கிக்கொண்டான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

கச்சிதமாக இருந்தது.

அவள் அவன் முகத்தையே பார்த்தபடி நின்றிருந்தாள்.