பத்தாவது சொல்

சனிக்கிழமை சாயங்காலங்களில் அடையாற்றில் ஸ்ரீனிவாசராகவன் வீட்டு மாடியில் வட்டமாக உட்காருவோம். யூதர்களின் ரகசிய ஞானத்தைத் தேடிக் கிளம்பிய மயிலாப்பூர்க்காரர்கள், பத்துப் பேர். யூதர்கள் பிரார்த்தனைக்குப் பத்து ஆள் வேண்டும். ஆனால் ஆளை எண்ணக் கூடாதாம். பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்களாம். புஸ்தகத்தில் படித்ததை நாங்களும் அப்படியே செய்தோம்.

கடைசிச் சொல் கிச்சாவுடையது. என் இடப்பக்கம் உட்கார்ந்து, ஒரு தரம் கனைத்துவிட்டுத்தான் சொல்வார்.

செவ்வாய்க்கிழமை கிச்சா செத்துப் போனார். நானும் பாடைக்குத் தோள் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை ஒன்பது பேர் கூடினோம்; கிச்சாவின் நாற்காலி காலியாக இருந்தது.

"ஓர் ஆள் குறையறது. இன்னிக்குப் பிரார்த்தனை கிடையாது. வசனத்தை மட்டும் சொல்லிட்டுக் கலைஞ்சுடலாம்" என்றார் ராகவன்.

வரிசையாகச் சொன்னோம். ஒன்பதாவது சொல் என்னுடையது. நான் சொன்னதும் ராகவன் புஸ்தகத்தை மூடப் போனார்.

இடப்பக்கம் யாரோ கனைத்தார்கள். பிறகு பத்தாவது சொல் கேட்டது.

எட்டுப் பேரும் என் பக்கத்து நாற்காலியையே பார்த்தார்கள்.

"பத்து நிறைஞ்சுடுத்து. பிரார்த்தனை முடியறவரைக்கும் யாரும் எழுந்துக்கப்படாது" என்றார் ராகவன். பிறகு என்னைப் பார்த்தார். "வேம்பு, நீ மட்டும் அந்தப் பக்கம் திரும்பாதே."