மாமா கேட்ட கல்

பாரிஸ் நகரின் லா சப்பலில் யூட்டின் குடும்பத்துக்குக் கல்லறைக் கல் பொறிப்பதுதான் தொழில். புறநகரான சார்செலிலிருந்து வந்திருந்த சவிரிமுத்து மாமா, அவர்கள் வீட்டில் ஐந்தாவது ரொட்டியை எடுத்தார்.

"பிள்ளை மெற்றில்டா, பஞ்சு மாதிரிக் கிடக்கு!"

"மாவைத் தட்டுற கல் அப்பிடி, மாமா. கறுப்புக் கிரனைட்" என்றாள் யூட்டின் மனைவி.

"அப்ப அதை நான் கொண்டு போறன்."

யூட் அவசரமாகக் குறுக்கிட்டான். "அது வேண்டாம் மாமா. புதுசா ஒண்டு வெட்டித் தாறன்."

"ஏனடா, கல்லிலையும் கஞ்சத்தனமோ?" மாமா கல்லை நிமிர்த்தி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

அவருடைய பெயர். கீழே, போன வருடம் அவர் ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடந்த நாள், இறந்த திகதியாக.

"மாமி அழுது போன் எடுத்தா. சொந்தமெண்டு உடனை வெட்டிப்போட்டம்" என்றான் யூட்.

மாமா எழுத்துகளைத் தடவினார்.

"வடிவாத்தான் வெட்டியிருக்கிறாய். திகதியை மட்டும் பிறகு மாத்து."

கல்லைப் பழையபடி கவிழ்த்து வைத்தார்.

"பிள்ளை, இன்னும் ரெண்டு ரொட்டி தட்டு."