துண்டு போர்த்திய ஏர் ஃப்ரையர்

"தண்ணிய ஊத்திடாதீங்க தம்பி! கரன்ட் இருக்குது!"

செம்போடு ஓங்கிய கை அப்படியே நின்றது. அடுப்படியில் நின்ற இளைஞன் அண்ணாந்து பார்த்தான், சுற்றிப் பார்த்தான். யாரும் இல்லை.

"யா... யாருங்க பேசுறது?"

"வீட்டுக்காரி மலர்கொடி பேசுறேன். கதவுக்கு மேல வெள்ளையா இருக்குது பாருங்க, அது கேமரா. என் பையன் மாட்டிட்டுப் போனது. நான் கல்யாணத்துக்கு வேன்ல போயிட்டிருக்கேன்."

வேன் கீழ்புத்துப்பட்டைத் தாண்டிவிட்டது. செல்போன் திரையில், மரக்காணத்து வீட்டு அடுப்படி ஓர் அங்குலம் விடாமல் தெரிந்தது. ஏர் ஃப்ரையர் மேல் போர்த்திய துண்டிலிருந்து புகை சுருண்டு கிளம்பிக்கொண்டிருந்தது.

வேனில் கொறிக்க வேர்க்கடலை வறுக்கலாமென்று மெஷினைப் போட்டவள் அவள்தான். அதற்குள் வேன்காரன் ஹாரனை அழுத்தித் தொலைத்தான். உப்பளத்து ஊரில் டி.வி.யோ மிக்ஸியோ, எதையும் மூடாமல் வைத்தால் உப்புக்காற்று தின்று தீர்த்துவிடும். பழகிய கை, ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்கும் துண்டைப் போர்த்திவிட்டது. மனசு மட்டும் பட்டுப்புடவை மடிப்பில் இருந்தது.

வீட்டை ஒட்டிப் பக்கத்து வீட்டுக் கீற்றுக் கொட்டகை. கடற்காற்று வேறு. ஒரு பொறி பறந்தால் தெருவே போய்விடும். கூப்பிடலாமென்றால் தெரு மொத்தமும் முன்னும் பின்னும் வேன்களில் வந்துகொண்டிருந்தது. இந்த ஒருவனாவது வீட்டில் இருக்கிறானே என்று அவளுக்கு உயிர் வந்தது.

பக்கத்திலிருந்த கணவர் ஜெயசீலன் திரையை எட்டிப் பார்த்து, "டேய்..." என்று ஆரம்பித்தார். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

"தம்பி, உங்க பேரு என்ன?"

"கொளஞ்சிங்க" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"கொளஞ்சி, செம்ப கீழ வைங்க. கைய நல்லா தொடைங்க. ஈரக்கையோட சுவிட்ச தொடக்கூடாது."

அவன் லுங்கியில் கையைத் துடைத்தான்.

"மெஷினுக்குப் பின்னாடி செவுத்துல சுவிட்சு இருக்குது. ஆஃப் பண்ணுங்க."

"பண்ணிட்டேங்கக்கா."

"இப்ப அந்த இடுக்கியால துண்டத் தூக்கி, பாத்திரம் கழுவுற தொட்டியில போட்டு, குழாயத் தொறந்து விடுங்க."

கருகிய துண்டு உஸ்ஸென்று அடங்கியது. வேனுக்குள் மலர்கொடிக்குப் புல்லரித்தது. எங்கேயோ சாலையில் உட்கார்ந்துகொண்டு தன் அடுப்படியில் இன்னொருவன் கையை ஆட்டிவைக்கிறாளே! அவள் வீட்டில் அவள் சொல்லி ஒரு ஆம்பளை இவ்வளவு சட்டென்று கேட்டதாகச் சரித்திரமே இல்லை.

"கைய மறுபடி தொடச்சிட்டு பிளக்கப் புடுங்குங்க. ஒயரப் புடிச்சு இழுக்காதீங்க, பிளக்கப் புடிங்க. ஆங், அப்படித்தான்."

அவன் அடுத்து மெஷினின் கூடைக் கைப்பிடியில் கைவைத்தான்.

"ஐயையோ, தொறக்காதீங்க! உள்ள கங்கு கிங்கு இருந்தா காத்து பட்டதும் குப்புன்னு புடிச்சிக்கும். சும்மா ஆறட்டும்."

கொளஞ்சி கையைக் கட்டிக்கொண்டு மெஷினையே பார்த்தபடி நின்றான். குனிந்து அடியில் பார்த்தான், பின்னால் பார்த்தான்.

"அக்கா, இதுல நெருப்ப எங்க வச்சிருக்காங்க?"

"நெருப்பே கெடையாது. கம்பி சூடாவும், ஃபேன் சுத்தும். அந்த அனல் காத்துலயே எல்லாம் வறுபடும்."

"வெறும் காத்துலயா?"

"ஆமா. மீன் கூட வறுக்கலாம். எண்ணெய் சும்மா தடவுனா போதும்."

"அடேங்கப்பா!" பயம் போய் அவன் முகத்தில் குழந்தைக்களை வந்துவிட்டது. "நீங்க எங்கியோ இருந்துக்கிட்டு பேசுறீங்க, இது காத்துல வறுக்குது. என்னக்கா வீடு இது!"

புகை அடியோடு நின்றது. துண்டு கிடந்த இடத்தில் மேல்மூடி மட்டும் உருகிப் பல்லைக் காட்டியது. போனால் போகிறது, வீடு தப்பித்ததே என்று மலர்கொடி குலதெய்வத்தைக் கும்பிட்டாள்.

"இப்ப மெதுவா கூடைய இழுங்க. நல்லாயிருந்தா ஒரு பிடி எடுத்துக்குங்க தம்பி."

கடலை, மேலே லேசாகக் கருகி, அடியில் பொன்னிறமாக இருந்தது. அடியிலிருந்து இரண்டை எடுத்து ஊதி வாயில் போட்டான். கண்கள் விரிந்தன. கேமராவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினான்.

"தெய்வம் மாதிரி வழி சொன்னீங்கக்கா. நான் கெளம்பட்டுமா?"

"கெளம்புங்க. நீங்க இல்லன்னா இன்னிக்கு என் வீடே இருந்திருக்காது. இன்னும் ரெண்டே ரெண்டு சொல்றேன், அதையும் கேட்டுடுங்க தம்பி. உங்க காலடியில சாக்குலேர்ந்து துருத்திக்கிட்டிருக்கிற வெள்ளிக் குத்துவிளக்க பீரோவுலயே வச்சிடுங்க. அப்புறம், அடுப்படி ஓட்டப் பிரிச்சு எறங்குன வழியிலயே ஏறி விழுந்து வைக்காதீங்க, பின்கதவத் தொறந்துக்கிட்டே போங்க."