ஐம்பதில் ஒன்று

மொண்டெல்லோ என்ற இத்தாலியக் கடலோர ஊருக்கு அப்பால், மலையடிவாரத்துத் துப்பாக்கிச் சுடுதளத்தின் வெள்ளைச் சுவரில் காலை வெயில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. நகைக்கடைக்கார சிக்னோரா கார்மேலா தன் றிவோல்வரை இரு கைகளாலும் நீட்டிப் பிடித்திருக்கிறாள். கடையில் இரண்டுமுறை கொள்ளை நடந்த பிறகு அது எப்போதும் அவளுடைய கைப்பையிலேயே இருக்கிறது. வாதத்தால் வீங்கிய விரலுக்கு விசை இறுக்கமாக இருந்ததால், போன கிழமைதான் உள்ளே இலேசான ஸ்பிரிங்குகளைப் போடுவித்தாள். அவை சரியா என்று இன்று ஐம்பது தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கிறாள். அவளுடைய வீட்டில் வேலைசெய்து, தினமும் அவளோடு கடைக்கு நடந்துபோகும் மன்னார்க்காரி அகஸ்ரீனா, காதைப் பொத்தியபடி பின்னால் நிற்கிறாள்.

நாற்பத்தோராவது முறை வெடிக்கவில்லை. சுத்தியல் விழுந்த சத்தம் மட்டும் கேட்கிறது. தாமதித்து வெடித்தாலும் வெடிக்கலாம் என்று, சிக்னோரா குழலைச் சுவரிலிருந்து திருப்பாமல் அரை நிமிடம் அப்படியே நிற்கிறாள். பிறகு உருளையைத் திறந்து, அந்தத் தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறாள். அதன் அடியில் ஊசி பட்ட பள்ளம் நகம் பதிந்த அளவுக்குத்தான் இருக்கிறது; இலேசான ஸ்பிரிங்கின் அடி போதவில்லை. மிச்சம் ஒன்பதும் வெடிக்கின்றன.

“ஐம்பதில் ஒன்றுதானே,” என்கிறாள் சிக்னோரா.

“அந்த ஒண்டு எண்டைக்கு வருமெண்டு ஆருக்குத் தெரியும், சிக்னோரா?”

சிக்னோரா உருளையிலிருந்து வெற்றுக் கோதுகளைக் கொட்டுகிறாள். “பழைய ஸ்பிரிங்கையே போடச் சொல்வோம்.”

“அதை இழுக்க உங்கட விரலுக்கு ஏலாதே?”

வெறுந்துப்பாக்கியை மறுபடி சுவரை நோக்கி நீட்டி, வலது சுட்டுவிரலின் மேல் இடது சுட்டுவிரலையும் வைத்து அழுத்துகிறாள் சிக்னோரா. மூட்டுகள் வெளுக்கின்றன.

“இரண்டு விரலால் இழுப்பேன்.”