பவானி வீட்டு வாசல் கசிவு

இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, மண்ணுக்குள் குடிநீர்க் குழாய் எங்கே கசிகிறது என்று கேட்பது தணிகாசலத்தின் வேலை. பிரிந்துபோன மனைவி பவானியின் வீட்டு வாசலில் கசிவதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான். சாக்பீஸால் குறி போட்டால் மறுநாளே தோண்டி அடைத்துவிடுவார்கள். பிறகு இந்தத் தெருவில் அவனுக்கு வேலை இல்லை. குறி போடவில்லை. ஏழு வாரமாக ஊர்த் தண்ணீர் மண்ணுக்குள் போகிறது.

இன்று அவளே வெளியே வந்தாள்.

“இன்னுமா கண்டுபிடிக்கல? காது அடைச்சுப்போச்சா?”

“சத்தம் பிடிபடல.”

“குடு இங்க.”

கம்பியைப் பிடுங்கி, அவன் நின்ற இடத்திலேயே ஊன்றிக் காதை வைத்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.

“எனக்கும் ஒண்ணும் கேக்கலய்யா” என்றாள். “அடுத்த வாரம் வந்து பாரு.”